நீதிபதி பார்க்காத ஏலம்: அமெரிக்க வீட்டு அடமானமும் ‘விற்பனை அதிகார’த்தின் வரலாறும்

டெக்சாஸ் மாநிலத்தில் வீட்டு அடமான ஏலங்கள் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடைபெறும். நேரம், காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடைப்பட்டது. இடம், வழக்கமாக அந்தந்தக் கவுன்டியின் நீதிமன்ற வளாகம். ஏலம் விடுபவர் கையிலுள்ள தாளைப் பார்த்துச் சொத்தின் விவரத்தைப் படிப்பார். வெளியார் யாரும் கேள்வி கேட்காவிட்டால், கடன் கொடுத்த நிறுவனமே தனக்கு வரவேண்டிய தொகையைக் கேள்வித்தொகையாக வைத்து வீட்டை எடுத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் ஒரு குடும்பத்தின் வீடு கைமாறிவிடும். அந்தக் கட்டடத்துக்குள் அமர்ந்திருக்கும் நீதிபதி எவரும் அந்தக் கடனின் கணக்கைப் பார்த்திருக்கத் தேவையில்லை. வாங்கியவர் உண்மையிலேயே தவணை தவறினாரா, கேட்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டா என்று எவரும் விசாரித்திருக்கத் தேவையில்லை. வழக்கமான வீட்டுக் கடனைப் பொறுத்தவரை, நீதிமன்றம் அங்கே ஏலம் நடக்கும் இடம் மட்டுமே.

அமெரிக்காவில் அடமானச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூயார்க், நியூஜெர்சி, புளோரிடா, இல்லினாய் போன்ற மாநிலங்களில் கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்து, தீர்ப்புப் பெற்று, அதன் பிறகே வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். டெக்சாஸ், கலிஃபோர்னியா, ஜார்ஜியா, வர்ஜீனியா, அரிசோனா போன்றவற்றில் வழக்கே இல்லாமல் விற்கலாம். இரண்டாவது முறை எப்படி உருவானது, அதிலிருந்து நீதிபதி எப்போது, யாரால் விலக்கப்பட்டார் என்பது நானூறு ஆண்டு நீளமுள்ள கதை. அக்கதையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: தகராறு என்று வந்தால் நீதிமன்றத்தின் படியேற வேண்டியவர் யார், கொடுத்தவரா, வாங்கியவரா?

சொற்களில் தங்கிய வரலாறு

தமிழில் அடகு வைத்த நகை கெடு தாண்டினால் ‘மூழ்கிவிட்டது’ என்பார்கள். அவ்வாக்கியத்தில் மூழ்கடித்தவர் என்று எவரும் இல்லை. நகை தானாகவே மூழ்குகிறது. ஆங்கிலச் சட்டமொழியின் ‘மார்ட்கேஜ்’ என்ற சொல்லும் அத்தகையதே. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அச்சொல்லுக்கு ‘செத்த ஈடு’ என்று பொருள். 15ஆம் நூற்றாண்டில் நிலவுரிமை குறித்து நூல் எழுதிய லிட்டில்டன் அதற்குத் தந்த விளக்கம் புகழ்பெற்றது. குறித்த நாளில் பணம் செலுத்தாவிட்டால் நிலம் வாங்கியவருக்குச் செத்துப்போகிறது. செலுத்திவிட்டால் ஈடு கொடுத்தவருக்குச் செத்துப்போகிறது. இரண்டிலும் செயலைச் செய்பவர் இல்லை. நாள் கடந்தால் நிலம் போயிற்று, அவ்வளவுதான்.

அன்றைய இங்கிலாந்தின் பொதுச்சட்டம் அப்படித்தான் இயங்கியது. கடன் வாங்குபவர் நிலத்தைக் கொடுப்பவர் பெயருக்கே எழுதிக்கொடுப்பார். குறித்த நாளில் பணம் கொடுத்தால் நிலம் திரும்ப எழுதப்படும். ஒரு நாள் தாமதமானாலும், கடனைப் போலப் பல மடங்கு மதிப்புள்ள நிலம் கைவிட்டுப் போய்விடும். இக்கொடுமையை மாற்றியது சான்சரி நீதிமன்றம். 17ஆம் நூற்றாண்டில் அது ஒரு கொள்கையை நிலைநிறுத்தியது: நிலம் ஈடு மட்டுமே, ஆகவே கெடு கடந்த பின்னும் நியாயமான காலத்துக்குள் கடனும் வட்டியும் கட்டி மீட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதுவே ‘மீட்புரிமை’.

மீட்புரிமை வந்ததும் கடன் கொடுத்தவருக்குப் புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. எந்த நாளிலும் பழைய உடைமையாளர் பணத்துடன் வந்து நிற்கலாம் என்றால் நிலத்தை எப்படி நம்பி விற்பது? ஆகவே கொடுத்தவர் சான்சரிக்குச் சென்று, மீட்புக்கு இறுதி நாள் ஒன்றைக் குறித்து, அந்நாளுக்குப் பின் கதவை அடைத்துவிடும்படி வேண்டினார். அதற்கான ஆணைக்குப் பெயர் ‘ஃபோர்க்ளோஷர்’. அச்சொல்லின் பிரெஞ்சு மூலம் ‘வெளியே வைத்து அடைத்தல்’ என்னும் பொருளுடையது. கதவு தானாக அடைபடாது. அடைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீதிபதி. படியேற வேண்டியவர் கடன் கொடுத்தவர்.

ஒப்பந்தத்தில் நுழைந்த வாசகம்

சான்சரி வழக்குகள் நீண்டன, செலவும் மிகுந்தன. இதைத் தவிர்க்க ஆங்கிலப் பத்திர எழுத்தர்கள் ஒரு வழி கண்டார்கள். தவணை தவறினால் நீதிமன்றம் போகாமலே நிலத்தை விற்று, கடனை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரத்தை வாங்குபவரே முன்கூட்டிக் கொடுத்துவிடுவதாக அடமானப் பத்திரத்தில் ஒரு வாசகத்தைச் சேர்த்தார்கள். இதுவே ‘விற்பனை அதிகாரம்’. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதன் மீது ஐயம் இருந்தது. சான்சரியின் தலைமை நீதிபதியாக இருந்த எல்டன் பிரபு 1825இல் ஒரு வழக்கில் இவ்வதிகாரத்தின் ஆபத்தைச் சுட்டினார். ஆனால் வழக்கம் ஐயத்தை வென்றது. கிரான்வொர்த் பிரபுவின் பெயரால் அறியப்படும் 1860ஆம் ஆண்டுச் சட்டமும், 1881ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் அவ்வாசகத்தைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தன.

இங்கு நிகழ்ந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். மீட்புரிமையை எந்த நாடாளுமன்றமும் ஒழிக்கவில்லை. கடன் வாங்குபவர் பணத்தேவையோடு அமர்ந்து ஒப்பமிடும் பத்திரத்தின் ஒரு வாக்கியம், நீதிபதியின் இடத்தை நிரப்பிவிட்டது. ‘வாங்கியவரே சம்மதித்தார்’ என்பது அன்றுமுதல் இம்முறையின் அடிப்படை நியாயமாயிற்று.

அமெரிக்க மாநிலங்கள் இவ்வாசகத்தை வெவ்வேறு விதமாக எதிர்கொண்டன. சில ஏற்றன, சில தடுத்தன. பல மாநிலங்களில் அது ‘டீட் ஆஃப் டிரஸ்ட்’ என்னும் மூன்று தரப்புப் பத்திரமாக உருமாறியது. வாங்குபவர் வீட்டின் மீதான உரிமையை டிரஸ்டி என்ற மூன்றாமவரிடம் ஒப்படைக்கிறார். கடன் தீர்ந்தால் டிரஸ்டி அதை விடுவிப்பார். தவறினால் விற்றுக் கொடுத்தவருக்குத் தருவார். டிரஸ்டி பெயரளவில் நடுவர். ஆனால் அவரைப் பத்திரத்தில் குறிப்பிடுவதும், வேண்டும்போது மாற்றுவதும் வழக்கமாகக் கடன் கொடுத்தவரின் கையில் இருக்கும். அறக்கட்டளையின் டிரஸ்டிக்குரிய முழுக் கடப்பாடு இவருக்கு இல்லை என்றே கலிஃபோர்னிய நீதிமன்றங்களும் கூறிவந்துள்ளன.

1837ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் இல்லினாய் மாநிலம் கடனாளிகளைக் காக்க முயன்றது. 1841இல் அது இயற்றிய சட்டங்களின்படி, ஏலத்துக்குப் பின்னும் 12 மாதம் வரை வீட்டை மீட்கலாம்; மதிப்பிட்ட விலையில் மூன்றில் இரு பங்குக்குக் குறைந்தால் விற்பனையே செல்லாது. 1838இல் விற்பனை அதிகாரத்தோடு எழுதப்பட்ட ஓர் அடமானம் தொடர்பான பிரான்சன் எதிர் கின்சி வழக்கில், 1843இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டங்கள் பழைய ஒப்பந்தங்களைப் பாதிக்கக் கூடாதெனத் தீர்ப்பளித்தது. எழுதப்பட்ட வாக்கியம் மாநிலச் சட்டத்தையும் வென்றது. ஆனால் இனி எழுதப்படும் ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்த மாநிலத்துக்குத் தடையில்லை. இல்லினாய் 1879இல் அதையே செய்தது: அடமானப் பத்திரத்தில் உள்ள விற்பனை அதிகாரத்தைக் கொண்டு நிலத்தை விற்கக் கூடாது, நீதிமன்றம் வழியாகவே விற்க வேண்டும் என்று விதித்தது. இன்றும் அம்மாநிலம் வழக்கு முறையிலேயே நிற்கிறது.

இயந்திரம் இயங்கும் விதம்

வழக்கில்லா முறையின் உள்ளமைப்பைக் காணக் கலிஃபோர்னியா நல்ல எடுத்துக்காட்டு. டிரஸ்டி முதலில் தவணை தவறியதற்கான அறிவிப்பைக் கவுன்டியின் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்கிறார். அன்றிலிருந்து குறைந்தது மூன்று மாதம் கழிய வேண்டும். பிறகு விற்பனை அறிவிப்பு: ஏலத்துக்கு 20 நாளுக்கு முன் அது வீட்டிலும் பொது இடத்திலும் ஒட்டப்பட வேண்டும்; நாளிதழில் மூன்று வாரம் வெளிவர வேண்டும். ஏலத்துக்கு ஐந்து வேலைநாள் முன்வரை நிலுவைத் தவணைகளை மட்டும் கட்டி வாங்கியவர் கடனை உயிர்ப்பித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு முழுக் கடனையும் கட்டினால்தான் வீடு நிற்கும். டெக்சாஸில் இக்காலம் மிகவும் குறுகியது. குடியிருக்கும் வீடாயின் தவறைச் சரிசெய்ய 20 நாள். அதன் பின் ஏல அறிவிப்புக்கு 21 நாள். 2014 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதி ஒன்று, தவணை தவறி 120 நாள் கடக்கும் வரை பொதுவாக முதல் அறிவிப்பே கூடாதென்கிறது.

இவ்விதிகளில் கையாளப்படும் வினைச்சொற்கள் கருதத்தக்கவை: பதிவு செய்தல், அஞ்சலில் அனுப்புதல், ஒட்டுதல், வெளியிடுதல். கேட்டல், விசாரித்தல், தீர்மானித்தல் என்ற சொற்களுக்கு அங்கு வேலையில்லை. அறிவிப்புப் பெற்றவர் ‘கணக்கு தவறு’ என்று சொல்ல விரும்பினால், அதைச் சொல்வதற்கான இடம் அந்நடைமுறைக்குள் இல்லை. அவர் தனியே வழக்குத் தொடுத்து, ஏலத்தை நிறுத்தத் தடையாணை கேட்க வேண்டும். படியேற வேண்டியவர் மாறிவிட்டார்.

இதற்கு ஈடாகக் கடனாளிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவில் 1940இல் வந்த விதியின்படி, வழக்கில்லாமல் விற்றவர் ஏலத்தில் கிடைக்காத பாக்கிக்காகக் கடனாளியின் பிற சொத்துகளைத் தொடர முடியாது. பாக்கி வேண்டுமென்றால் வழக்குப் போட வேண்டும். போட்டால் ஏலத்துக்குப் பின்னும் மீட்கும் காலம் கடனாளிக்குத் திறந்துவிடும். விரைவு வேண்டுமா, முழுத்தொகை வேண்டுமா என்று கொடுத்தவர் தேர்ந்துகொள்ளட்டும் என்பது அம்மாநிலத்தின் கணக்கு. ஜார்ஜியாவில் 1935 முதல், ஏலம் நடந்த 30 நாளுக்குள் நீதிபதியிடம் அதைக் காட்டி, சொத்து உண்மையான சந்தை மதிப்புக்கு விற்கப்பட்டதென உறுதிபெற்றால்தான் பாக்கியைக் கேட்கலாம். கலிஃபோர்னியாவில் இன்னொரு எல்லையும் உண்டு. ஏலத்துக்குப் பின்னும் பழைய உடைமையாளர் வெளியேற மறுத்தால், அவரை வெளியேற்ற நீதிமன்ற ஆணை வேண்டும். வீட்டின் உரிமை போவதற்கு நீதிபதி தேவையில்லை. வீட்டுக்காரரை வாசலுக்கு வெளியே நிறுத்த மட்டும் தேவைப்படுகிறார்.

1933: படியேறிய கடனாளிகள்

பெருமந்தத்தின் ஆண்டுகளில் இக்கேள்வி தெருவுக்கு வந்தது. ஏலத்துக்கு நீதிமன்ற ஆணை தேவைப்பட்ட அயோவா மாநிலத்தில், லெ மார்ஸ் என்னும் ஊரில் 1933 ஏப்ரல் 27 அன்று விவசாயிகள் நீதிமன்றத்துக்குள் புகுந்தார்கள். இனிமேல் ஏல ஆணைகளில் கையெழுத்திடமாட்டேன் என்று உறுதி கூறும்படி நீதிபதி சார்லஸ் பிராட்லியைக் கேட்டார்கள். அவர் மறுத்ததால் வெளியே இழுத்துச் சென்று, கழுத்தில் கயிற்றை மாட்டி மிரட்டினார்கள். அவர் அப்போதும் உறுதி கூறவில்லை. கவுன்டி இராணுவச் சட்டத்தின் கீழ் வந்தது. அந்நிகழ்ச்சியின் வன்முறையை எவரும் நியாயப்படுத்த இயலாது. ஆனாலும் அது ஒன்றைக் காட்டுகிறது. வழக்கு முறையில் வீட்டைப் பறிக்கும் செயலுக்கு ஒரு முகமும் ஒரு கையெழுத்தும் இருந்தன. கோபமும் முறையீடும் சென்று சேர ஓர் இடம் இருந்தது.

மின்னசோட்டாவில் நடந்தது வேறு. அங்கு விற்பனை அதிகாரத்தின் கீழ் ‘விளம்பர முறை’ ஏலம் வழக்கத்தில் இருந்தது. மினியாபொலிஸ் நகரில் பிளெய்ஸ்டெல் தம்பதியரின் 14 அறை வீடு 1932 மே 2 அன்று 3,700 டாலர் 98 சென்ட்டுக்கு ஏலம் போயிற்று. மூன்று அறைகளில் தாங்கள் வாழ்ந்து மற்றவற்றை வாடகைக்கு விட்டிருந்தவர்கள் அவர்கள். ஓராண்டு மீட்புக் காலம் முடியும் தறுவாயில், 1933 ஏப்ரலில் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. கடனாளி நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால், நியாயமான வாடகைக்கு ஈடான தொகையைக் கட்டும் நிபந்தனையோடு, 1935 மே 1 வரை மீட்புக் காலத்தை நீட்டிக்கலாம். நீதிமன்றம் மாதம் 40 டாலர் கட்டச் சொல்லிக் காலம் நீட்டித்தது.

1934 ஜனவரி 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அச்சட்டத்தை ஏற்றது. நெருக்கடி காலத்தில் மக்களின் அடிப்படை நலனைக் காக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டென்று தலைமை நீதிபதி ஹியூஸ் எழுதினார். எழுதிய ஒப்பந்தம் நெருக்கடியிலும் ஒப்பந்தமே என்று நீதிபதி சதர்லாண்ட் மறுத்தெழுதினார். அரசியல் சட்ட மாணவர்கள் இவ்வழக்கை ஒப்பந்தப் பிரிவின் தளர்வாகப் படிக்கிறார்கள். அடமான வரலாற்றில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. வாக்கியத்தால் வெளியேற்றப்பட்ட நீதிபதியை மாநிலம் மீண்டும் அழைத்தது. ஆனால் அவரை நாடிச் செல்லும் வேலையைக் கடனாளியிடமே கொடுத்தது.

அடுப்புக்கு விசாரணை, வீட்டுக்கு இல்லை

1972இல் ஃபுவென்டஸ் எதிர் ஷெவின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை அளித்தது. தவணையில் வாங்கிய எரிவாயு அடுப்பையும் ஸ்டீரியோவையும் பறிமுதல் செய்வதற்கு முன்பே விசாரணை வாய்ப்புத் தர வேண்டும். இல்லாவிட்டால் உரிய சட்ட நடைமுறை என்னும் அரசியல் சட்ட உரிமை மீறப்படும் என்றது. அடுப்புக்கு உள்ள உரிமை வீட்டுக்கு இல்லையா என்று அடுத்த சில ஆண்டுகளில் வழக்குகள் எழுந்தன. 1975இல் டெக்சாஸ் முறை குறித்தும் 1978இல் நெவாடா முறை குறித்தும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்களும், 1978இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றமும் ஒரே விடையைத் தந்தன. அடுப்பைத் தூக்கிச் சென்றவர் அரசின் அலுவலர். வீட்டை விற்பவர் தனியார். அவருடைய அதிகாரம் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. மாநிலச் சட்டம் அதை ஒழுங்குபடுத்துகிறது, அவ்வளவே. அரசு செயல்படாத இடத்தில் அரசியல் சட்டத்துக்கு வேலையில்லை.

செய்பவரற்ற வாக்கியம் இங்கு முழுமையடைந்தது எனலாம். நாள் குறிப்பது, அறிவிப்பின் அளவு, பதிவு அலுவலகம் எல்லாமே மாநிலத்துடையவை. ஆயினும் சட்டத்தின் பார்வையில் மாநிலம் எதையும் செய்யவில்லை.

2007க்குப் பின்

வீட்டுக் கடன்கள் கட்டுக்கட்டாக முதலீட்டாளர்களுக்கு விற்கப்பட்ட காலத்தில் இம்முறையின் பலவீனம் வெளிப்பட்டது. கடனுக்கு உரியவர் யாரென்பது அடிக்கடி மாறியது. பத்திரங்கள் அம்மாற்றத்தைப் பின்தொடரவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒரு வீடு 2007 ஜூலையில் ஏலம் விடப்பட்டது. ஏலம் விட்ட வங்கிக்கு அந்த அடமானத்தை மாற்றிக்கொடுத்த பத்திரம் கையெழுத்தானதோ 2008 செப்டம்பரில். ஐபான்யெஸ் வழக்கு என அறியப்படும் இவ்வழக்கில், விற்ற நாளில் உரிமை இல்லாதவர் விற்ற விற்பனை செல்லாது என்று 2011 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதில் ஒரு முரண் உண்டு: இவ்வழக்கைத் தொடங்கியவை வங்கிகளே. நீதிபதியைத் தவிர்த்து வாங்கிய வீட்டின் உரிமையைத் தெளிவாக்கிக்கொள்ள அவை நீதிபதியிடமே வந்தன. தீர்ப்பு அவற்றுக்கு எதிராக முடிந்தது.

2012இல் 49 மாநிலங்கள் ஐந்து பெரிய வங்கிகளோடு 2,500 கோடி டாலர் மதிப்பிலான உடன்பாட்டை எட்டின. கலிஃபோர்னியாவில் 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், கடனைத் திருத்தியமைக்கும் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே ஏல வேலையையும் நடத்துவதைத் தடுத்தது. 2016இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், அடிப்படையே செல்லாத மாற்றுப் பத்திரத்தின் பேரில் வீடு விற்கப்பட்டிருந்தால் முன்னாள் உடைமையாளர் அதை எதிர்த்து வழக்கிடலாம் என்றது. ஒவ்வொன்றும் ஒரு முன்னேற்றம். ஒவ்வொன்றிலும் வழக்கிட வேண்டியவர் வீட்டை இழந்தவர் அல்லது இழக்கவிருப்பவர்.

2019இல் ஒப்டஸ்கி வழக்கில் தீர்மானம் ‘மேலும்’ என்ற ஒரு சொல்லைச் சார்ந்திருந்தது. கடன் வசூலிப்பவர் யார் என்று வரையறுக்கும் மத்தியச் சட்டம், ஈட்டுரிமையை மட்டும் நிறைவேற்றுபவரை ஒரு குறிப்பிட்ட பிரிவின் பொருட்டு ‘மேலும் உள்ளடக்கும்’ என்கிறது. அப்படியானால் மற்றப் பிரிவுகளுக்கு அவர் உள்ளடங்கமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முடிவு செய்தது. வழக்கில்லா ஏலத்தை மட்டும் நடத்தும் வழக்கறிஞர் நிறுவனங்கள், கடன் வசூலிப்பவர் மீது அச்சட்டம் விதித்த பெரும்பாலான கட்டுப்பாடுகளிலிருந்து விடுபட்டன.

அதே வாக்கியம், சென்னையில்

ஆங்கிலப் பத்திரத்தின் அவ்வாக்கியம் இந்தியாவுக்கும் வந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, நீதிமன்றம் இல்லாத விற்பனையை மிகக் குறுகிய எல்லைக்குள் அனுமதித்தது. இரு தரப்பிலும் இந்துவோ முகமதியரோ பௌத்தரோ இல்லாத ஆங்கில வகை அடமானம், அரசு கடன் கொடுத்த அடமானம், கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் நகரங்களில் உள்ள சொத்து ஆகியவற்றுக்கு மட்டும், மூன்று மாத அறிவிப்போடு அது செல்லும். பிற இடங்களில் கடன் கொடுத்தவரே வழக்கிட வேண்டும்.

120 ஆண்டு கழித்து, 2002இல் வந்த சர்ஃபேசி சட்டம் இவ்வெல்லையை வங்கிகளுக்காக அகற்றியது. 60 நாள் அறிவிப்புக்குப் பின் வங்கி நேரே ஈட்டைக் கைப்பற்றி விற்கலாம். பாதிக்கப்பட்டவர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் கேட்கப்பட்ட தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. அந்த முன்பணத்தை மட்டும் நீக்கியது. பெயரளவில் மேல்முறையீடு எனப்பட்டாலும், கடனாளியின் வாதம் முதன்முதலாகக் கேட்கப்படுவதே அங்குதான் என்பது அத்தீர்ப்பின் முக்கியக் காரணம்.

வழக்கு முறைக்கும் குறைகள் உண்டு. நியூயார்க்கில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. அச்செலவு புதிதாகக் கடன் கேட்பவரின் மேல் விழக்கூடும் என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஆகவே இரு முறைகளையும் வேகத்தைக் கொண்டு மட்டும் ஒப்பிடுவது போதாது. பெரும்பாலான கடனாளிகள் உண்மையிலேயே தவணை தவறியவர்கள். அவர்களுக்கு விசாரணை சில மாத அவகாசம் தருவதோடு முடியலாம். ஆனால் தவறாக அறிவிப்புப் பெற்றவருக்கு, 21 நாளுக்குள் வழக்கறிஞரைத் தேடி, கட்டணம் கட்டி, தடையாணை வாங்குவது என்பதே முழு உரிமையாகச் சுருங்கிவிடுகிறது. தவணைக்கே பணமில்லாமல் நிற்பவரிடம்தான் சட்டம் இதை எதிர்பார்க்கிறது. டெக்சாஸ் அரசியல் சட்டமே, வீட்டின் மதிப்பின் மேல் பெறும் ஒருவகைக் கடனுக்கு 1997இல் ஒப்புதல் அளித்தபோது, அதற்கான ஏலத்துக்கு மட்டும் நீதிமன்ற ஆணை வேண்டுமென்று விதித்தது. நீதிபதியைத் திரும்ப அழைப்பது முடியாத காரியமில்லை என்பதற்கு, முதல் செவ்வாய்க்கிழமை ஏலம் நடக்கும் அதே மாநிலமே சான்று.